சதுர்த்தசியன்று பச்சை விளக்கு

வேங்கிக்கால், திருவண்ணாமலை
11-5-2025

அன்புத் தம்பி ஜினசேனனுக்கு, அக்கா கனகலதா ஆசீர்வாதம். ஜெய் ஜினேந்திரா.

நான் சுகம். நீ சுகமா? உன் மகள் மதுமிதாவும் மாப்பிள்ளையும் சுகமா? நாக்பூர் வெயிலைத் தினமும் டிவியில் காட்டுகிறார்கள். இங்கேயும் கம்மியில்லை. மத்தியானம் மலையைப் பார்த்தாலே கண் எரிகிறது.

வீட்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறது. பயப்படாதே, பெட்டிதான். ஸ்ரேயாஸ் அயர்லாந்தில் இருந்தபடியே ஏற்பாடு செய்து, சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். கூடத்தில் டிவி பக்கத்தில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. அதன் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு. சமையலறைக் கதவு, ஃபிரிட்ஜ் கதவு, பாத்ரூம் வாசல் என்று அங்கங்கே பொட்டு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். நான் நடமாடுவதை அந்தப் பொட்டுகள் பெட்டிக்குச் சொல்லுமாம். காமிரா மட்டும் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் நான் புடவையை எப்படிச் சுற்றிக்கொண்டால் யாருக்கு என்ன?

நான் எழுந்து, சமையலறைக்குப் போய், அது கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால் விளக்கு பச்சை. அயர்லாந்தில் பிள்ளையின் போனிலும் பச்சை. நேரத்துக்குச் சமையலறைப் பக்கம் போகாவிட்டால் மஞ்சள். உடனே சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்வாள். நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு சரசுவுக்குச் செய்து, போய்ப் பார்க்கச் சொல்வாள். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ். கலெக்டர் ஆபீசில் டைப் அடித்தே தலை நரைத்தவளுக்கு ரிட்டயர்டு ஆன பிறகும் ஒரு மேலதிகாரி.

கையில் கட்ட ஒரு வாட்சும் அனுப்பியிருக்கிறான். நான் விழுந்தால் அது தானாகச் சொல்லிவிடுமாம். தோல் வார், ஜினசேனா. ஜைன வீட்டில் பிறந்த பிள்ளை அம்மாவுக்குத் தோல் வார் அனுப்பியிருக்கிறான். அதைக் கட்டிக்கொண்டு நான் எப்படிப் பூஜை அறைக்குள் போவேன்? அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் முகம் வாடிவிடும். ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சரசுவுக்குத்தான் பெட்டியைப் பிடிக்கவில்லை. தினம் சாயங்காலம் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "எம்மா, சாப்டாச்சா?" என்று கேட்பாள் அல்லவா, நேற்று கேட்கவில்லை. ஏன் என்றேன். "அதான் மிஷின் கேக்குதே, நான் இன்னாத்துக்கு?" என்கிறாள்.

வெயிலில் அலையாதே. பதில் போடு.

அக்கா
கனகலதா

*

நாக்பூர்
24-5-2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஜினசேனன் வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். என் காது மட்டும் நலமில்லை. வலது காது போய்விட்டது, இடது காது போகலாமா என்று யோசிக்கிறது. காது மிஷின் போட்டால் மிக்ஸி சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது, மனுஷர் பேச்சு கேட்கவில்லை. அதனால் அது மேஜை டிராயரில் தூங்குகிறது.

மதுமிதா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அவள் போனைப் பார்த்துப் பேசினால் பேச்சு தமிழ் எழுத்தாகத் திரையில் ஓடுகிறது, அதை என்னிடம் நீட்டுகிறாள். நல்ல வசதி. ஒன்றுதான். முன்பெல்லாம் என் காதருகே வந்து கத்துவாள், இப்போது அவள் முகம் போனைப் பார்க்கிறது, என் முகமும் போனைப் பார்க்கிறது.

உன் பெட்டியைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். இப்போது உன் வீட்டுக் கூடத்தில் சிக்னல் நட்டுவிட்டான் ஸ்ரேயாஸ். பச்சை விழுந்தால் வண்டி நிற்காமல் போகும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். டிரைவர் நம் ஸ்டேஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

தோல் வாருக்கு விசனப்படாதே. இங்கே ஒருவன் வாட்சுக்குத் துணி வார் தைத்துக் கொடுக்கிறான். செய்து அனுப்புகிறேன். மணிக்கட்டு அளவை ஒரு நூலில் எடுத்து அடுத்த கடிதத்தில் வை.

உன் தம்பி
ஜினசேனன்

*

வேங்கிக்கால்
22-6-2025

அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதம்.

சுகம். உன் இடது காது என்ன முடிவு எடுத்தது? நூல் உள்ளே வைத்திருக்கிறேன். மெலிந்துவிட்டேன் என்று நினைக்காதே, நூலை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

நீ சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. முன்பு ஞாயிறு தவறாமல் ஸ்ரேயாஸ் பேசுவான். என்ன சாப்பிட்டே, தூங்கினியா, மாத்திரை போட்டியா, எல்லாம் கேட்பான். பெட்டி வந்த பிறகு, "மா, நீ நல்லா தூங்கியிருக்கே, பிபி மாத்திரையும் போட்டிருக்கே, பாத்தேன்" என்று அவனே சொல்லிவிடுகிறான். நான் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு பேசவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. குறை சொல்லவில்லை, அவனுக்கு வேலை ஜாஸ்தி. நான் நன்றாக இருப்பது தெரிகிறது, அதனால் கேட்கவில்லை. எதிரில் நிற்கிறவளிடம் வந்துட்டியா என்று யாராவது கேட்பார்களா?

இதைக் கேள். போன வாரம் பின்பக்கம் வடாம் காயப் போட்டிருந்தேன். மலையிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கிவிட்டது. கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்து, போ போ என்று நான் கத்தின கத்தலில் பெட்டி பயந்துவிட்டது. "உங்கள் குரல் உயர்ந்திருக்கிறது. நலமா?" என்றது. நான் குரங்கைப் பார்ப்பேனா, அதற்குப் பதில் சொல்வேனா? விளக்கு மஞ்சளாகிவிட்டது.

அப்புறம் பெட்டியிலேயே ஸ்ரேயாஸ் குரல் வந்தது. போன் மாதிரி அதிலேயே பேச முடிகிறது. முதலில் அந்தச் செருமல். உனக்குத் தெரியுமே, அவன் அப்பா மாதிரியே பேச வாயெடுக்கும் முன்னால் தொண்டையை ஒரு தரம் செருமுவான். "மா, என்னாச்சு? ஏன் கத்தினே?" என்றான். குரங்குப்பா என்றேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. வடாம் என்னாச்சு, இன்னிக்கு என்ன கொழம்பு, யார் வீட்டுக் கல்யாணம் என்று ரொம்ப நேரம் பேசினான்.

வடாம் பூராவும் போய்விட்டது. போகட்டும்.

பெட்டியை முழுக்கத் திட்டவும் முடியவில்லை. ஒரே மாத்திரையை இரண்டு தரம் போட இருந்தேன், அதுதான் தடுத்தது.

அக்கா
கனகலதா

*

நாக்பூர்
5-7-2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

நலம், உன் நலம் அறிய ஆவல். நூல் கிடைத்தது. உன் மணிக்கட்டா அது, வளையல் கடைக்காரன் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை என்பான். நன்றாகச் சாப்பிடு. வார் தைப்பவன் ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் தைத்து அனுப்புகிறேன்.

குரங்குகளுக்கு என் சார்பில் நன்றி சொல். ஆனால் அக்கா, ஸ்ரேயாஸ் பேச வேண்டும் என்றால் நீயே கூப்பிடலாமே. "பேசணும் போல இருந்துதுப்பா" என்று சொன்னால் பிள்ளை கோபித்துக்கொள்ளவா போகிறான்? எனக்குக் காது இருந்தால் நான் கூப்பிடுவேன்.

மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சத்தமில்லாமல் பெய்கிற மழையைப் பார்க்கிறேன்.

தம்பி
ஜினசேனன்

*

வேங்கிக்கால்
2-8-2025

அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதம்.

நான் நலம். உன் உடம்பு எப்படி? ஆடிக் காற்று கதவையெல்லாம் அடிக்கிறது.

நீயே கூப்பிடலாமே என்று சுலபமாக எழுதிவிட்டாய். இரண்டு தரம் கூப்பிட்டேன். "மா, எமர்ஜென்சியா? மீட்டிங்ல இருக்கேன்" என்றான். இல்லைப்பா என்று வைத்துவிட்டேன். பேசணும் போல இருந்தது என்று மீட்டிங்கில் இருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

புதிதாக ஒரு பிளாஸ்க் வாங்கினேன். படுக்கை அறையிலேயே டீயும் கொஞ்சம் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கிறது. காலையில் சமையலறைக்கு ஓட வேண்டியதில்லை.

போன மாதம் நாலைந்து தரம் விளக்கு மஞ்சளாகிவிட்டது. ஒவ்வொரு தரமும் ஸ்ரேயாஸ் பேசினான். நன்றாகப் பேசுகிறான். சரசுதான் கோபித்துக்கொண்டாள். சென்னைப் பெண் கூப்பிட்டு இவள் ஓடி வருவதும், நான் சும்மா உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு அலுத்துவிட்டது. "அடுப்புல சோத்த வச்சிட்டு ஓடியாறேன், நீங்க கட்டில்ல உக்காந்துகினு டீ குடிக்கிறீங்க. இனிமே அந்தப் பொண்ணு போன் பண்ணா நான் எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்று போய்விட்டாள். அவளுக்கும் வேலை இருக்கிறது, பாவம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றும் பாதையில் மோர் விற்கிறாள், மத்தியானம் போனால் விடிந்துதான் திரும்புகிறாள்.

ஏன் மா அடிக்கடி இப்படி ஆகுது என்று ஸ்ரேயாஸ் கேட்டான். அன்றைக்கு அஷ்டமிப்பா, விரதம், மௌனம் வேறே, அதனால் பெட்டிக்குப் பதில் சொல்லவில்லை என்றேன். எந்தெந்த நாள் என்று கேட்டான். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது, திதியெல்லாம் உன் மாமா ஜினசேனனுக்குத்தான் அத்துப்படி என்று சொல்லிவைத்தேன். அவன் கேட்டால் ஏதாவது சொல்லி சமாளி.

அக்கா
கனகலதா

*

நாக்பூர்
16-8-2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நலமா?

உன் கடிதத்துக்கு முன்பே ஸ்ரேயாஸின் செய்தி மதுமிதா போனுக்கு வந்துவிட்டது. மாமா, அம்மாவின் விரத நாட்களைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள் என்று. எவ்வளவு நாளாயிற்று என்னிடம் ஒருவர் ஒன்று கேட்டு. ஜைன பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வரைக்கும் அஷ்டமி, சதுர்த்தசி எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். மதுமிதா போட்டோ எடுத்து அனுப்பினாள். "சூப்பர் மாமா" என்று பதில் வந்தது. ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது.

படுக்கை அறையில் பிளாஸ்க். காலையில் போகாத சமையலறை. மாதத்தில் நாலைந்து மஞ்சள். அத்தனையும் அஷ்டமியா அக்கா? விரதத்தில் டீயும் பிஸ்கட்டும் எந்த முனிவர் சொன்னது? அவன் குரலைக் கேட்பதற்காக நீ வேண்டுமென்றே மஞ்சள் விழ வைக்கிறாய். ஸ்ரேயாஸிடம் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. கலெக்டரே வந்தாலும் தலை நிமிர்ந்து பதில் சொன்ன அக்கா, பெற்ற பிள்ளையிடம் ஒரு பேச்சுக்காகப் பட்டினி வேஷம் போடுகிறாள்.

கோபித்துக்கொள்ளாமல் எழுது.

தம்பி
ஜினசேனன்

*

வேங்கிக்கால்
9-9-2025

தம்பிக்கு ஆசீர்வாதம். நலம்.

நீ கண்டுபிடித்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

நீ அனுப்பிய திதியை ஸ்ரேயாஸ் பெட்டியில் ஏற்றிவிட்டான், வேலை செய்கிறது. இப்போது விரத நாளில் பெட்டி என்னை எதுவும் கேட்பதில்லை. காலையில் ஒரு தரம், "இன்று அஷ்டமி. விரத நாள். உங்கள் மௌனத்தை மதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. மறுநாள் காலை விரதம் முடிக்கிற பாரணை நேரம் வரைக்கும் நான் நடந்தாலும் நடக்காவிட்டாலும் விளக்கு பாட்டுக்குப் பச்சையாக எரிகிறது. மற்ற நாளில் நானே ஒழுங்காகச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். இனிமேல் மஞ்சள் விழுந்தால் சரசு வர மாட்டாள், எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்ரேயாஸ் பேசி ஒரு பௌர்ணமி ஆகிறது.

உன் மேல் கோபம் இருந்தது. போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கனகலதா

*

நாக்பூர்
29-9-2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

இந்தத் தரம் நலம் விசாரிக்க நேரமில்லை, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. நான் நடக்காவிட்டாலும் விளக்கு பச்சையாக எரிகிறது என்று எழுதியிருக்கிறாய்.

எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது இதுதான். கம்பி அறுந்தால், கரண்ட் போனால், கோளாறு என்னவென்றே தெரியாவிட்டால், சிக்னல் சிவப்பில்தான் நிற்க வேண்டும். தெரியாதபோது பச்சை காட்டக்கூடாது. காட்டினால் ஆள் செத்துப்போவான். உன் வீட்டில் மாதத்தில் சில நாள், உனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே பச்சை எரிகிறது. அதற்குத் தேதி எழுதிக் கொடுத்தவன் நான். அதுவும் அழகான கையெழுத்தில்.

இன்றைக்கே ஸ்ரேயாஸிடம் சொல்லி அதை எடுக்கச் சொல். காரணம் கேட்டால் என் மேல் போடு, மாமாவுக்குத் திதி தப்பிவிட்டது என்று சொல். மதுமிதா ஆபீஸ் வேலையாகப் புனே போயிருக்கிறாள், மாப்பிள்ளையும் ஊரில் இல்லை. அவள் வந்ததும் நானும் எழுதச் சொல்கிறேன். சரசுவிடம் நீயே போய்ப் பேசு. துணி வார் இத்துடன் வைத்திருக்கிறேன். இனிமேல் வாட்சை ஆணியில் மாட்டாதே, பூஜைக்கும் கட்டிக்கொள்ளலாம்.

தம்பி
ஜினசேனன்

*

நாக்பூர்
16-10-2025

அக்காவுக்கு வணக்கம்.

பதில் இல்லை. மதுமிதா புனேயிலிருந்து வந்ததும் ஸ்ரேயாஸுக்கு எழுதச் சொன்னேன். அவன் பதில் வந்ததும் அவள் போனை நீட்டினாள். "நான் திருவண்ணாமலைலதான் இருக்கேன். அம்மா கீழ விழுந்துட்டாங்க. இடுப்பு ஆபரேஷன் ஆச்சு. பயப்பட ஒண்ணுமில்லனு மாமாகிட்ட சொல்லு."

பயப்பட ஒன்றுமில்லை என்று போனில் படிப்பது எப்படி இருக்கும் தெரியுமா? குரல் கேட்டால் பொய்யா நிஜமா என்றாவது தெரியும்.

எந்த நாள் விழுந்தாய் என்று கேட்டு வாங்கினேன். அக்டோபர் ஆறாம் தேதியாம். பஞ்சாங்கத்தைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. திறக்கவும் வேண்டாம், அந்தத் தேதியை என் கையால் எழுதியிருக்கிறேன். புரட்டாசிச் சதுர்த்தசி.

உனக்கு முடிந்தபோது ஒரு வரி எழுது. முடியாவிட்டால் ஒரு புள்ளி வைத்து அனுப்பு, போதும்.

ஜினசேனன்

*

வேங்கிக்கால்
27-10-2025

அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதம்.

நன்றாக இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் படுத்துக்கொண்டு எழுதுவதுதான் காரணம். ஸ்ரேயாஸ் நேற்றுக் கிளம்பிப் போனான். ஒரு பெண் பகலில் வந்து சமைத்துவிட்டுப் போகிறாள்.

எல்லாம் சின்ன விஷயம். அன்றைக்கு மத்தியானம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர், வழுக்கிவிட்டது. அங்கிருந்து கூப்பிட்டால் கூடத்துப் பெட்டிக்குக் கேட்காது. விரத நாள், வாட்ச் ஆணியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சரசு வந்து பார்த்துவிட்டாள். கொடியில் துணி எடுக்காமல் கிடந்ததைப் பார்த்துச் சுவர் ஏறிக் குதித்தாளாம், அந்த உடம்போடு. பௌர்ணமிக் கூட்டம், ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. அன்றைக்கு நிலா ரொம்ப நன்றாக இருந்தது.

உன் கடிதம் அன்றைக்கே வந்து கேட்டில் சொருகியிருந்ததாம். ஸ்ரேயாஸ் பிரிக்காமல் வைத்திருந்தான். வார் அழகாக இருக்கிறது, கட்டியிருக்கிறேன். திதியைப் பற்றி இனிமேல் நீ எழுதக்கூடாது. அதை எடுத்தாயிற்று. பொய் சொன்னவள் நான், எழுதினவன் மேல் என்ன தப்பு?

ஸ்ரேயாஸ் கூடத்திலேயே படுத்துக்கொண்டான். தீபாவளி விடியற்காலை மகாவீரர் மோட்சம் போனதற்கு வைக்கிற விளக்கை அவனே ஏற்றினான். எனக்குத் தலை வாரிவிட்டான், ஜினசேனா. சிக்கெடுக்கத் தெரியவில்லை, ஒரே வலி. நான் சொல்லவில்லை.

போகும் முன் பெட்டிக்குத் தன் குரலைப் பழக்கிவிட்டான். இனிமேல் தினமும் அவன் குரலிலேயே கேட்குமாம், "மா, சாப்டியா?" என்று. அதற்காக உட்கார்ந்து ஒரு புத்தகத்தை நாள் பூராவும் சத்தமாகப் படித்தான். நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் அவன் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

அக்கா
கனகலதா

*

நாக்பூர்
8-11-2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

கோணல் எழுத்தானாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆனால் நீ மத்தியானம் விழுந்தாய் என்கிறாய். கொஞ்ச நேரத்தில் சரசு வந்தாள் என்கிறாய். அப்புறம் நிலா எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் காலையில் சதுர்த்தசி, மத்தியானத்துக்கு மேல் பௌர்ணமி. சரசு மத்தியானமே மோர்ப் பானையோடு போயிருப்பாள், விடிந்துதான் திரும்புவாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ராத்திரி பூராவும் அந்தச் சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கிறாய். ஊரே மலையைச் சுற்றிப் போயிருக்கிறது, உள்ளே பச்சை விளக்கு எரிந்திருக்கிறது, கேட்டில் என் கடிதம் சொருகியிருந்திருக்கிறது. இதை ஸ்ரேயாஸிடமும் நீ சொல்லியிருக்க மாட்டாய்.

எழுதக்கூடாது என்றாய். இனி எழுதவில்லை. ஒன்று கேட்கிறேன். நான் அங்கே வந்துவிடட்டுமா? மதுமிதாவிடம் இன்னும் கேட்கவில்லை, தடுக்க மாட்டாள். எனக்குச் சமைக்கத் தெரியும். நீ கூப்பிட்டால் கேட்காது என்பதுதான் ஒரே குறை. காது கேட்காதவனைக் காவலுக்கு வைத்தால் சிரிப்பார்கள் என்றுதான் இவ்வளவு நாள் கேட்கவில்லை. இங்கே என்னை எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பதில் போடு.

தம்பி
ஜினசேனன்

*

வேங்கிக்கால்
21-12-2025

அன்புத் தம்பி ஜினசேனனுக்கு, அக்கா ஆசீர்வாதம்.

நலமா? இங்கே மார்கழிப் பனி. வாக்கர் பிடித்து நடக்கிறேன். நடையைப் பெட்டி எண்ணிச் சொல்கிறது, டாக்டருக்கும் அதுவே அனுப்பிவிடுகிறது. கார்த்திகை தீபம் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. சரசு பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இடம் விட்டுப் பார்த்தாள். இப்போது மறுபடியும் சுவருக்கு மேல் தலை நீட்டிக் கேட்கிறாள். நிலாவைப் பற்றி எழுதினாயே. ஆமாம், அவ்வளவுதான்.

ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பெட்டி தினமும் ஸ்ரேயாஸ் குரலில் கேட்கிறது. முதல் வாரம் அழுதுகொண்டே பதில் சொன்னேன். அப்புறம் பழகிவிட்டது. சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் என்று வரிசையாகக் கேட்கும், நானும் வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவேன். போன ஞாயிறு மத்தியானம் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"மா, சாப்டியா?"

"ஆச்சுப்பா."

"என்ன கொழம்பு?"

"வெண்டக்கா."

"கால் எப்படி இருக்கு?"

"நடக்கறேன்பா. மாத்திரை போட்டாச்சு. எல்லாம் பச்சைதான்."

"மா, கேக்குதா, நான்..."

"கேக்குதுப்பா. தண்ணி குடிக்கறேன், சரி" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

தட்டைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் உறைத்தது. முதல் "மா"வுக்கு முன்னால் ஒரு செருமல் இருந்தது.

வாக்கரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். "ஸ்ரேயாஸு?" என்றேன். "சொல்லுமா" என்றது. செருமல் இல்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. "இன்னிக்கு உன்கிட்ட பேசினது சந்தோஷமா இருந்துது மா. பிஸியா இருந்தே போல."

எதற்காகப் பட்டினி வேஷம் போட்டேனோ அது தானாக வந்து பேசியிருக்கிறது. நான் பெட்டிக்குச் சொல்கிற பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவனிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நீ வரட்டுமா என்று கேட்டு எத்தனை நாளாகிறது. பதில் எழுதாமல் இருந்தேன். உனக்குப் பாரமாகிவிடுவேன் என்று பயம், உனக்கும் அதே பயம். போதும், கிளம்பி வா. காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து வா. சரசுவின் வீட்டுக்காரர் வேணு ஆட்டோ ஓட்டுகிறார், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவார். காது மிஷினை நாக்பூரிலேயே விட்டுவிடு.

உனக்குக் கேட்க வேண்டுமானால் நான் கத்தித்தான் பேச வேண்டும். கத்தினால் பெட்டி மஞ்சளாகும். சென்னைப் பெண் போன் செய்வாள், அயர்லாந்தில் ஸ்ரேயாஸ் போனிலும் மணி அடிக்கும்.

அடிக்கட்டும்.

உன் வருகையை எதிர்பார்க்கும்
அக்கா கனகலதா